சிற்றிலுக்கு வெளிச்சம்

கிளிநொச்சியில் என் தங்கையின் மகள் போன விடுமுறையில் ஒரு வீடு கட்டினாள். தரம் 4 படிக்கிற பிள்ளை. தாங்கள் இருக்கும் வீட்டையே நாடா பிடித்து அளந்து, 1 அடிக்கு 1 அங்குலம் என்று சுருக்கினாள். இந்திய வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடு அது, 550 சதுர அடி. நீளத்திலும் அகலத்திலும் 12இல் ஒன்றாகச் சுருங்கியபோது 4 சதுர அடிக்கும் குறைந்து, படிக்கிற மேசையில் அடங்கிவிட்டது. சுவருக்குக் காட்போட் மட்டை, தளத்துக்கு ரெஜிபோம், கூரைக்குச் செங்கல் நிறம் தீட்டிய நெளிமட்டை. விறாந்தை, சாமியறை மூலை, குசினி எல்லாம் அளவாக வந்திருந்தன. எல்லாம் முடிந்த பிறகுதான் கேட்டாள்: "மாமா, இதுக்குக் கறண்ட் போடலாமோ?"

போடலாம் என்று சொல்லிவிட்டு, அறைக்கு மூன்றாக வெள்ளை எல்.ஈ.டி. குமிழ்களைப் பொருத்தினேன். சுவிச்சைத் தட்டியதும் வீடு பளீரென்று எரிந்தது. பிள்ளை சிறிது நேரம் பார்த்துவிட்டு, "ஆசுப்பத்திரி மாதிரிக் கிடக்கு" என்றாள். அவள் சொன்னது சரி. சுவர்களின் மட்டைத் தன்மையும் பசை காய்ந்த தடங்களும் அந்த வெளிச்சத்தில் அப்படியே தெரிந்தன. பகலில் வீடாக இருந்தது இரவில் மட்டைப் பெட்டியாகிவிட்டது.

அதற்குப் பிறகு இந்த விடயத்தைத் தேடிப் படித்தேன், கணக்குப் போட்டேன், கழற்றிக் கழற்றிப் பூட்டினேன். பொம்மை வீட்டுக்கு முதல் தரம் மின்சாரம் போடுகிற எவரும் வயர், பற்றரி, குமிழ் பற்றித்தான் முதலில் யோசிப்பார்கள். அவை எளிதில் தீரும் காரியங்கள். தீராதது வெளிச்சத்தின் அளவு. கதவை 12இல் ஒன்றாக வெட்டுகிறோம், கதிரையை 12இல் ஒன்றாகச் செய்கிறோம். வெளிச்சத்தை மட்டும் கடையில் வாங்கியபடியே போட்டுவிடுகிறோம்.

சிறு வீடு கட்டி விளையாடுவது தமிழுக்குப் புதிதல்ல. ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிற்றில் என்று ஒரு பருவமே உண்டு. சிறுமியர் மணலில் கட்டிய வீட்டைக் காலால் அழிக்க வருகிற பிள்ளையிடம் அழிக்காதே என்று இரக்கும் பருவம் அது. ஆண்டாளின் நாச்சியார் திருமொழியிலும் ஒரு பதிகம் முழுக்க இந்த இரப்புத்தான். அந்தச் சிற்றில்களில் விளக்கைத் தேடிப் பயனில்லை. மணல் வீடு பொழுதுபட முன்னரே கலைந்துவிடும். இரவு வரை நிற்கிற வீட்டுக்குத்தான் விளக்கு வேண்டும்.

ஐரோப்பாவில் நிற்கிற சிறு வீடுகள் இருந்தன. ஆம்ஸ்ரடாமின் றைக்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள பெற்றொனெல்லா ஊர்ட்மனின் பொம்மை வீடு 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கியது. பளிங்குத் தளமும் பட்டுச் சுவரும் கொண்ட அந்த வீட்டுக்கும் தனக்கென்று வெளிச்சம் இல்லை. மெழுகுவர்த்தி கொளுத்தினால் வீடே எரிந்துவிடும். மின்குமிழ் வந்துதான் அந்தத் தடை நீங்கியது. அதிலும் பெரிய குமிழ் வந்த கையோடு சின்னக் குமிழும் வந்துவிட்டது. 1882இல் லண்டன் சவோய் அரங்கில் நடந்த 'அயலாந்தி' இசை நாடகத்தில் தேவதைகளாக நடித்த பெண்கள் தலையில் சிறு மின்விளக்குகளைச் சூடி வந்தார்கள், பற்றரி உடைக்குள் மறைந்திருந்தது. அதே ஆண்டு நியூயோர்க்கில் எடிசனின் கூட்டாளி எட்வேர்ட் ஜோன்சன் சிவப்பு, வெள்ளை, நீலமாக 80 குமிழ்களைத் தன் வீட்டு நத்தார் மரத்தில் ஏற்றினார். இன்று கோயில் திருவிழாவில் நாங்கள் கட்டுகிற சோடனைக் குமிழ்களுக்கு அவை மூத்தவை.

பொம்மை வீட்டு மின்சாரத்தின் பெரிய உதாரணம் இங்கிலாந்தின் மேரி அரசிக்கு 1921க்கும் 1924க்கும் இடையில் கட்டப்பட்ட வீடு. புதுடில்லியைத் திட்டமிட்ட எட்வின் லட்யன்ஸ்தான் இதையும் வடிவமைத்தார். அளவு இதுவும் 12இல் ஒன்று. குழாயில் தண்ணீர் வரும், மின்தூக்கி ஏறி இறங்கும், விளக்குகள் எரியும். 1924இல் வெம்பிளியில் நடந்த பேரரசுக் கண்காட்சியில் அதை வைத்தார்கள், இப்போது வின்சர் கோட்டையில் இருக்கிறது. சிகாகோ அருங்காட்சியகத்தில் உள்ள நடிகை கொலீன் மூரின் மாளிகை 1928இல் தொடங்கி 1935இல் முடிந்தது. அதன் சரவிளக்கில் கோதுமை மணி அளவான இழைக் குமிழ்கள். அந்தப் பெயரிலேயே அவை நெடுங்காலம் விற்கப்பட்டன. கோதுமை மணி, அதைவிடச் சிறியதென்றால் அரிசி மணி.

ஆனால் எனக்கு வழி காட்டியது இந்த அரண்மனைகள் அல்ல. அமெரிக்காவில் பிரான்சிஸ் கிளெஸ்னர் லீ என்ற பெண்மணி 1940களில் துப்பறிவாளர்களைப் பயிற்றுவதற்காகச் செய்த சிறு அறைகள். ஒவ்வொன்றும் ஒரு மரணம் நடந்த இடம், ஏழைக் குசினி, வாடகை அறை, மரக்கொட்டில். அங்கே வெளிச்சமும் ஒரு சாட்சி. எந்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது, சன்னல் வழியே என்ன நேரத்து ஒளி வந்தது என்பதையெல்லாம் பயில்கிறவர் கவனிக்க வேண்டும். 2017இல் இவை வாஷிங்டனின் றென்விக் கலைக்கூடத்துக்கு வந்தபோது, பழைய இழைக் குமிழ்களின் சூடு பொருள்களைக் கெடுக்கிறது என்று கண்டு எல்.ஈ.டி.க்கு மாற்றினார்கள். மாற்றும்போது வெளிச்சம் கூடக்கூடாது, பழைய மஞ்சள் போகக்கூடாது என்று ஒவ்வொரு விளக்காக ஒப்பிட்டுச் சரிசெய்தார்கள். நான் செய்யத் தவறியது இதைத்தான்.

கணக்கைச் சொல்கிறேன். வீட்டுக்குப் பூட்டுகிற சாதாரணக் குமிழின் விட்டம் 60 மில்லிமீற்றர். 12ஆல் பிரித்தால் 5. கடையில் கிடைக்கிற எல்.ஈ.டி.யின் விட்டமும் 5 மில்லிமீற்றர்தான். உருவம் தற்செயலாகவே பொருந்திவிடுகிறது. 4 அடி ரியூப் லைட் 4 அங்குலமாகும். வெளிச்சம் அப்படிப் பிரிவதில்லை. வெளிச்சம் படுவது பரப்பில். சுவரும் தரையும் 12 மடங்கு குறுகினால் பரப்பு 144 மடங்கு குறையும். 60 வோட் இழைக் குமிழ் ஏறத்தாழ 700 லூமென் வெளிச்சம் தரும், 144ஆல் பிரித்தால் 5 லூமென். ஒரு வெள்ளை எல்.ஈ.டி.க்கு அதன் முழு மின்னோட்டமான 20 மில்லி அம்பியர் கொடுத்தால் கிட்டத்தட்ட அவ்வளவு ஒளி வரும். ஆகவே மூன்று எல்.ஈ.டி. பூட்டிய என் சிறு அறையில் மூன்று 60 வோட் குமிழ் எரிந்திருக்கின்றன. 10 அடி அறையில் மூன்று பெரிய குமிழ்களை ஒன்றாகப் போடுகிற வீடு எங்கள் ஊரில் எது?

இன்னும் கீழே போகலாம். ஒரு மெழுகுவர்த்தி ஏறத்தாழ 12 லூமென். போத்தல் விளக்கும் அந்த அளவை ஒட்டியதுதான். அதை 144ஆல் பிரித்தால் ஒரு லூமெனில் 12இல் ஒரு பங்குதான் தேறும். எல்.ஈ.டி.யை அந்த அளவுக்கு இறக்க வேண்டுமானால் மின்னோட்டத்தை 60 மடங்கு குறைக்க வேண்டும். முடியும். பள்ளிக்கூடப் புத்தகம் ஒளிகாலும் இருவாயி என்று சொல்கிற இந்தப் பொருளோடு தொடராக ஒரு தடையியைப் போடுகிறோமே, அந்தத் தடையியின் பெறுமானத்தில்தான் எல்லாம் இருக்கிறது. கைத்தொலைபேசிச் சார்ஜரின் 5 வோல்ற்றில் 100 ஓம் போட்டால் முழு வெளிச்சம். 470 ஓம் போட்டால் 15, 20 வோட் குமிழ் எரிகிற அறை. 1,000 ஓம் இரவுக் குமிழ். 6,800இலிருந்து 10,000 ஓம் வரை போனால் போத்தல் விளக்கு. ஒரே குமிழ்தான். விரல் நுனியில் நிற்கிற ஒரு தடையியை மாற்றினால் வீட்டின் காலம் மாறுகிறது.

இந்தக் கடைசி வெளிச்சத்தை வன்னியில் நாற்பது வயது கடந்த எவருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. 1990இல் போர் மீண்டும் மூண்ட பிறகு எங்கள் கிராமங்களில் கம்பி இருந்தாலும் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் தட்டுப்பாடு, பென்ரோச் பற்றரி தடை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சை வைத்து, பஞ்சு நனைய மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, மெல்லிய திரி ஒன்றை நிறுத்திக் கொளுத்துவோம். போத்தலின் வாய் காற்றைத் தடுக்கும், கண்ணாடி ஒளியைக் கொஞ்சம் பரப்பும். ஒரு விளக்கைச் சுற்றி நாலு பிள்ளைகள் குப்புறப் படுத்துப் படிப்பார்கள். றேடியோ கேட்க வேண்டுமானால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதிப்போம், சில்லில் உரசுகிற டைனமோ 6 வோல்ற் தரும். அந்த டைனமோவின் வலு 3 வோட். கணக்குப்படி அதில் இன்றைய எல்.ஈ.டி. 50 முழுப் பிரகாசத்தில் எரியும். அந்நாட்களில் அது எங்களிடம் இல்லை. எங்களிடம் மட்டுமல்ல, உலகத்திலேயே வெள்ளை எல்.ஈ.டி. 1990களின் நடுப்பகுதி வரை கடைக்கு வரவில்லை. சிவப்பு 1962இலேயே வந்துவிட்டது. நீலம் வராமல் வெள்ளை வராது. நீலத்தைச் சாதித்த அகசாக்கி, அமானோ, நக்கமுரா மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது.

போர் முடிந்த பின்னர் வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கும் அங்கிருந்து சுன்னாகத்துக்கும் 132 கிலோவோல்ற் கம்பி வந்தது. வீட்டுத்திட்ட வீடுகளும் அந்தக் காலத்தில்தான் எழுந்தன. 550,000 ரூபா தவணை தவணையாக வந்தது, உரியவரே நின்று கட்டுவிக்க வேண்டியிருந்தது. காசு சுவரோடும் கூரையோடும் முடிந்து, பூச்சையும் வயறிங்கையும் பிறகு பார்க்கலாம் என்று விட்ட வீடுகள் பலவற்றை நான் கண்டிருக்கிறேன். பிறகு வயறிங் செய்யும்போது பூசிய சுவரைக் கொத்த மனம் வராது. சுவருக்கு மேலால் வெள்ளைப் பிளாஸ்ரிக் கேசிங் ஓடும். தங்கை வீட்டிலும் அப்படித்தான்.

பொம்மை வீட்டிலும் இதே சிக்கல் வரும். கூரை பூட்டி, சுவர்த்தாள் ஒட்டி, கதிரை மேசை வைத்த பிறகு வயர் போடத் தொடங்கினால் துளையிடக் கை நுழையாது. ஆகையால் சுவர்கள் தனித்தனி மட்டையாகத் தரையில் கிடக்கும்போதே குமிழுக்கு இடம் குறித்து, துளை போட்டு, வயர் போகும் வழியைப் பின்பக்கத்தில் பென்சிலால் கீறிவிட வேண்டும். மேல்நாட்டில் இதற்கென்று ஒட்டும் செப்பு நாடா விற்கிறார்கள். இரண்டு மெல்லிய செப்புப் பட்டைகள் தண்டவாளம் போலச் சமாந்தரமாக ஓடும். சுவரில் ஒட்டி மேலே சுவர்த்தாளை ஒட்டிவிட்டால் மறைந்துவிடும், வேண்டிய இடத்தில் இரண்டு சிற்றாணிகளைக் குத்தி விளக்கைக் கொளுவலாம். அழகான ஏற்பாடு. எங்கள் கடைகளில் நான் காணவில்லை. அதற்குப் பதிலாக எனக்குக் கைகொடுத்தது கணினி வலையமைப்புக்கு இழுக்கிற கேபிள். ஒரு முழம் கேபிளின் தோலை உரித்தால் உள்ளே நாலு நிறச் சோடிகளாக, அரை மில்லிமீற்றர்ச் செம்பு ஓடுகிற எட்டு மெல்லிய வயர்கள். நிறம் உள்ள வயர் நேர், வெள்ளைக் கோடு போட்டது மறை என்று வைத்துக்கொண்டால் குழம்பாது. வயர்களைச் சுவருக்குப் பின்னால் இறக்கித் தளத்துக்கு அடியில் சேர்க்கலாம். சேர்கிற இடத்தை ஒட்டி மூடிவிடாமல், திறக்கத்தக்க மூடி ஒன்றை விடுவது நல்லது. எந்தக் குமிழ் எப்போது போகும் என்று சொல்ல முடியாது.

இணைப்பு சமாந்தரமாக இருக்க வேண்டும். பழைய சோடனைக் குமிழ்ச் சரங்கள் தொடர் இணைப்பில் இருந்தன, ஒன்று போனால் எல்லாம் போகும். சமாந்தரத்தில் குசினிக் குமிழ் போனால் விறாந்தை எரியும், உண்மை வீட்டைப் போல. ஒவ்வொரு குமிழுக்கும் தனித் தடையி போடுவதும் இதனால்தான், அறைக்கு அறை வெளிச்சத்தை வேறாக வைக்கலாம். எல்.ஈ.டி.யின் நீண்ட கால் நேர். ஒட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் இரண்டு பென்ரோச் பற்றரியில் தொட்டுப் பார்ப்பது அரைநாள் வேலையை மிச்சப்படுத்தும். ஈயம் வைக்கிற வேலையை வெளியே முடித்துவிட்டுத்தான் குமிழை உள்ளே கொண்டுபோக வேண்டும். நான் தளத்தின் மேலேயே வைத்துச் செய்யப்போய், சூட்டுக்கோல் பட்ட ரெஜிபோம் உருகிச் சாமியறையில் ஒரு குழி விழுந்தது.

இனி, மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது? இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சுவர்ப் பிளக்கின் 230 வோல்ற் பொம்மை வீட்டுக்குள் வரக்கூடாது. நேரே பிளக்கில் செருகுகிற மலிவான சோடனைச் சரத்தை வெட்டிப் பூட்டலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு குமிழுக்குச் சில வோல்ற்றே விழுந்தாலும் சரத்தின் எந்தப் புள்ளியும் வீட்டு மின்சாரத்தோடு நேரே தொடுக்கப்பட்டதுதான். வெட்டிய முனையைத் தொடுகிற பிள்ளையின் கைக்கு 230 வோல்ற் கிடைக்கும். தரமான 5 வோல்ற் சார்ஜர், பவர் பாங்க், அல்லது பென்ரோச் அளவுப் பற்றரி மூன்று போதும். மூன்று பற்றரியில் 4.5 வோல்ற். ஆறு குமிழ்களைத் தாழ்த்தி எரித்தால் எண்பது, நூறு மணித்தியாலம் நிற்கும். காசு போன்ற வட்டப் பற்றரியைச் சிறுபிள்ளை உள்ள வீட்டில் பாவிக்கவே வேண்டாம். விழுங்கிவிட்டால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் பொசுக்கத் தொடங்கிவிடும்.

சூட்டைப் பற்றியும் ஒரு சொல். வன்னியில் பொம்மை வீடு அரிது, சிறு குடில் அரிதல்ல. மார்கழியில் முல்லைத்தீவுக் கரையோரக் கத்தோலிக்கக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு பாலன் குடில் எழும். 1223இல் இத்தாலியின் கிரெச்சோவில் புனித பிரான்சிஸ் தொடக்கிய வழக்கம் எங்கள் ஊரில் வைக்கோலும் கிடுகுமாக இறங்கியிருக்கிறது. பள்ளிக்கூட விஞ்ஞானக் கண்காட்சியில் மட்டை வீட்டுக்குக் குமிழ் எரியவைக்காத ஆண்டு இல்லை. தமிழ்நாட்டில் நவராத்திரிக் கொலுவில் படிக்குப் பக்கத்தே பூங்காவும் தெருவும் அமைத்துச் சரவிளக்குப் போடுவார்கள். காய்ந்த வைக்கோலோடு இழைக் குமிழை ஒட்டவைத்து இரவு முழுக்க எரியவிடுவது ஆபத்து. அது வாங்குகிற மின்சாரத்தில் பெரும்பங்கைச் சூடாகத்தான் கக்குகிறது. எல்.ஈ.டி.யில் அந்தப் பயம் குறைவு. பழைய இழைக் குமிழின் மஞ்சள் அழகுக்காக அதையே தேடுகிறவர்களை விளங்கிக்கொள்கிறேன். ஆனால் அந்த மஞ்சளை வேறு வழியில் எடுக்கலாம். வெதுவெள்ளை என்று விற்கிற எல்.ஈ.டி. 2,700 கெல்வின் அளவில் இழைக் குமிழின் நிறத்துக்குக் கிட்ட வரும். சுடருக்கு 2,000 கெல்வினுக்கும் கீழே இறங்க வேண்டும். குமிழின் தலையில் மஞ்சளும் செம்மஞ்சளுமான செலோபேன் தாளை ஒரு சுற்றுச் சுற்றினால் அதுவும் வரும்.

குமிழை எங்கே வைப்பது என்பதில் புத்தகங்கள் கூரை நடுவைச் சொல்கின்றன. என் அனுபவத்தில், பார்க்கிறவரின் கண்ணுக்குக் குமிழ் தெரியாமல் ஒளி மட்டும் தெரிவது நல்லது. கதவு நிலைக்குப் பின்னால், அலுமாரிக்கு மேலே, அடுப்புக்குள்ளே. நாங்கள் சிறு வீட்டை எப்போதும் வெளியே நின்றுதான் பார்க்கிறோம், இரவில் ஒழுங்கையால் போகிறவர் அயல்வீட்டுச் சன்னலைப் பார்ப்பது போல. ஒழுங்கையில் போகிறவருக்கு உள்ளே ஆள் இருப்பதைச் சொல்வது கதவிடுக்கு வெளிச்சம்.

எல்லாவற்றையும் கழற்றி மறுபடி பூட்ட நாலு நாள் எடுத்தது. ஒன்பது குமிழ் ஐந்தானது. அறைகளுக்கு 470 ஓம், விறாந்தைக்கு 1,000, சாமியறைக்கு 6,800. குசினியில் என்ன போடுவது என்று பிள்ளை அம்மம்மாவிடம் கேட்டாள். என் அம்மாவுக்கு எழுபது கடந்துவிட்டது, கண் மங்கல். "அடுப்படிக்குப் போத்தல் விளக்குக் காணும்" என்றா. பிள்ளை போத்தல் விளக்கைக் கண்டதில்லை. அம்மா ஒரு ஜாம் போத்தலைக் கழுவித் துடைத்து, பஞ்சு வைத்து, உண்மையாகவே ஒன்றைக் கொளுத்திக் காட்டினா. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் குசினிக் குமிழின் தடையியைத் தெரிவுசெய்தோம். 10,000 ஓம் பொருந்தியது. மருந்துக் குப்பியின் மூடியில் ஒரு சிறு போத்தல் செய்து, செலோபேன் சுற்றிய குமிழை அதற்குள் இறக்கினோம்.

மைமல் நேரத்தில் வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டு அம்மாவைக் கதிரையில் இருத்தினோம். பிள்ளை சுவிச்சைத் தட்டினாள். அம்மா குனிந்து விறாந்தை வழியாகக் குசினி வரைக்கும் பார்த்தா. வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "குசினி சரி. விறாந்தைக்கு இன்னும் கொஞ்சம் கூட விடு தம்பி, ஆரும் வந்தால் முகம் தெரிய வேணும்" என்றா.

அன்றிரவே விறாந்தையின் 1,000 ஓமைக் கழற்றி 470 போட்டேன்.